சிஸ்கோ எப்போது வருவார்: டிவி தொடர் முடிந்தபின் நாவலில் தொடர்வது பற்றி

ஒரு டிவி தொடர் முடிந்துவிடுகிறது, மனசு ஆறவில்லை. அதன் கதையை நாவலில் தொடர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடினால் புத்தகம் புத்தகமாக வந்து நிற்கிறது, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. இப்படி முழிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அப்படிப் படித்தது 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' கதையை. காரைக்குடியில் உட்கார்ந்து, பாதியைப் புத்தகமாகவும் பாதியைப் போனிலும் படித்தேன், படித்ததை எங்கள் அயித்தைக்கு, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) அக்காவுக்கு, சாயங்காலங்களில் கதையாகவும் சொன்னேன். எதைப் படிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கேட்ட கேள்விகளால்தான் எனக்குப் பிடிபட்டது. கதையின் முடிவுகளை மறைக்காமல்தான் சொல்லப்போகிறேன், தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு எழுந்துவிடுவது நல்லது.

தொடரைப் பற்றிச் சுருக்கமாக. 1993 ஜனவரியில் ஆரம்பித்து 1999 ஜூனில் முடிந்தது, 7 சீசன், 176 எபிசோடு. மற்ற ஸ்டார் ட்ரெக் பெரும்பாலும் கப்பலில் ஊர் ஊராகப் போகும் கதை, இது ஒரே இடத்தில் நிற்கும் விண்வெளி நிலையத்தின் கதை. பஜோர் என்ற கிரகத்தைப் பல காலம் ஆக்கிரமித்திருந்த கர்தாசியர்கள் விட்டுப்போன நிலையம், பக்கத்தில் ஒரு வார்ம்ஹோல், அதன் வழியாக விண்மீன் மண்டலத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடலாம், அதனால் எல்லா நாட்டு ஆட்களும் அங்கே வந்து தங்குகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் வைத்திருந்த கிட்டங்கி மாதிரி என்று அயித்தைக்குச் சொன்னேன். ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டியடி, பொதுச் சமையல், யார் வந்தாலும் போனாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. டிவிடி வந்ததும் பினாங்கிலிருந்துதான், அயித்தை மகன் அங்கே இருக்கிறான், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு ஊருக்கு வந்தபோது பெட்டி நிறையக் கொண்டுவந்து எங்கள் வளவில் இறக்கிவிட்டுப் போனான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசி சீசன்களில் நடந்த பெரும்போர் தொடரின் கடைசி எபிசோடில் முடிகிறது, ஆனால் எதுவும் முழுசாக அடங்கவில்லை. நிலையத்தின் தலைவர் பெஞ்சமின் சிஸ்கோ, வார்ம்ஹோலுக்குள் காலம் என்ற ஒன்றே இல்லாமல் வாழும் தெய்வங்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். அவர் மனைவி காசிடி அப்போது கர்ப்பிணி. நிலையத்தின் காவல் அதிகாரியாக இருந்த, நினைத்த உருவம் எடுக்கும் ஓடோ தன் இனத்தாரின் நோயைத் தீர்க்க அவர்களோடு கலந்துவிடுகிறான், அவனைக் காதலித்த பஜோர்ப் பெண் கிரா தனியாக நின்று நிலையத்தின் பொறுப்பை எடுத்துக்கொள்கிறாள். கர்தாசியா சாம்பலாகக் கிடக்கிறது, 80 கோடிப் பேர் செத்துப்போனார்கள் என்று ஒரு வசனம் வருகிறது. பல கிரகங்கள் சேர்ந்த கூட்டமைப்பில் பஜோரும் சேர வேண்டும் என்பதற்காகத்தான் முதல் எபிசோடிலேயே சிஸ்கோவை அங்கே அனுப்பினார்கள், ஏழு சீசன் ஓடியும் அது நடக்கவில்லை.

அந்தக் கடைசி எபிசோடை அயித்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது, நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். சிஸ்கோ காசிடிக்கு ஒரு தரிசனம் போல வந்து விடைபெறும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"எப்ப வருவேன்னு சொன்னாக?"

"ஒரு வருஷமாகலாம், நேத்தாகவும் இருக்கலாம்னு சொல்றார் அயித்தை. அங்கே காலம் கிடையாது."

"நேத்துன்னா இந்நேரம் வந்திருக்கணுமே. பிள்ளை பெறுறதுக்குள்ளயாச்சும் வருவாகளா மாட்டாகளா?"

தெரியாது, தொடர் இத்தோடு முடிந்துவிட்டது என்றேன். அவருக்கு அது சரிப்படவில்லை. "இது என்னப்பா கதை" என்று எழுந்து போய்விட்டார். மாமா பினாங்கில் மூன்று வருஷக் கணக்கில் வேலை பார்த்தவர். போகும்போது அயித்தைக்கு மூன்றாவது மாதம், திரும்பி வந்தபோது மூத்த பையன் வளவில் ஓடிக்கொண்டிருந்தான், யார் இந்த ஆள் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானாம். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கதை இருக்கும், அதனால் சிஸ்கோவின் வசனத்தை அமெரிக்காவில் உட்கார்ந்து கேட்டவர்களை விட எங்கள் அயித்தை கறாராகக் கேட்டதில் ஆச்சரியமில்லை.

இதில் ஒரு விவரம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சிஸ்கோ நிரந்தரமாகப் போய்விடுவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள், அந்தக் காட்சியைப் படமும் பிடித்துவிட்டார்கள். கர்ப்பிணி மனைவியை விட்டுப்போகும் கறுப்பினத் தகப்பனாகத் தன் பாத்திரம் முடியக்கூடாது என்று நடிகர் ஏவரி புரூக்ஸ் சொல்லவே, திரும்பி வருவேன் என்று வசனத்தை மாற்றி மறுபடி எடுத்தார்கள். அயித்தையிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு விவரம் இருக்கு" என்றார். நடிகரைத்தான் சொன்னார்.

ஆக, நாவல் தேடியவன் நான் என்றாலும் தேட வைத்தது அந்த ஒரு கேள்வி. இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். தொடர்ச்சி நாவல்களை 'முழுசாகப் படிக்கணும்' என்று ஆரம்பிக்காதீர்கள். தொடர் முடிந்த அன்று உங்களை உறுத்திய கேள்வி எது என்று பாருங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள், அதுவரைக்கும் வரிசையாகப் படியுங்கள், பதில் கிடைத்ததும் நிறுத்துங்கள். அதற்கப்புறமும் படிக்க ஆசை இருந்தால் அது வேறு கணக்கு.

டீப் ஸ்பேஸ் நைனுக்கு அந்த வரிசை இப்படிப் போகிறது. 2001இல் எஸ். டி. பெர்ரி எழுதிய 'அவதார்' இரண்டு பாகம், அதுதான் தொடக்கம், தொடர் முடிந்து சில மாதம் கழித்துக் கதை ஆரம்பிக்கிறது. (இணையத்தில் வெறுமனே இந்தப் பெயரைப் போட்டால் நீலநிற ஆட்கள் வரும் சினிமாதான் வந்து விழும், எழுத்தாளர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.) அடுத்து 'அபிஸ்', பிறகு 'டீமன்ஸ் ஆஃப் ஏர் அண்ட் டார்க்னெஸ்'. 2002இல் 'மிஷன் காமா' என்று நான்கு புத்தகம், 2003 தொடக்கத்தில் 'ரைசிங் சன்', அதே வருஷக் கடைசியில் 'யூனிட்டி'. சிஸ்கோ வருவாரா என்ற கேள்விக்குப் பதில் 'யூனிட்டி'யில் இருக்கிறது. ஆக மொத்தம் பத்துப் புத்தகம்தான், பயப்பட வேண்டாம்.

இந்த வரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'டீமன்ஸ்' நாவல் 'கேட்வேஸ்' என்ற வேறொரு பெரிய வரிசையின் பகுதியாகவும் வந்தது. அந்த வரிசையில் ஒவ்வொரு புத்தகத்தையும் பாதியில் தொங்கவிட்டு, எல்லா முடிவுகளையும் சேர்த்து ஏழாவதாக ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் போட்டார்கள். அதாவது கிராவுக்கு என்ன ஆச்சு என்று தெரிய இன்னொரு புத்தகத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். வியாபாரம் தெரிந்த ஊரில் பிறந்த எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. இதற்கு வழி என்னவென்றால் 2007இல் வந்த 'ட்விஸ்ட் ஆஃப் ஃபெய்த்' என்ற தொகுப்பு. 'அவதார்' இரண்டு பாகம், 'அபிஸ்', 'டீமன்ஸ்', அந்தத் தொங்கிய கதையின் முடிவு எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கிறது. பழைய புத்தகமாகவோ மின்நூலாகவோ அது கிடைத்தால் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை. 'மிஷன் காமா'வின் முதல் இரண்டையும் சேர்த்து 2008இல் 'தீஸ் ஹான்டட் சீஸ்' என்று போட்டார்கள்.

புத்தகம் கிடைப்பது பற்றி. காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளில் இவை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சென்னைக்குப் போகும்போது பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடினால் ஸ்டார் ட்ரெக் நிறையவே கண்ணில் படும், ஆனால் நமக்கு வேண்டிய எண் மட்டும் இருக்காது. நான் பாதியை இணையத்தில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் வாங்கினேன். 'மிஷன் காமா' மூன்றாம் புத்தகம் கேட்டால் ஏற்கெனவே என்னிடம் இருந்த இரண்டாம் புத்தகத்தை அனுப்பினார்கள், திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டோம் என்றார்கள். அதனால் வாங்கும் முன் முதுகுப் பக்கத்தின் படம் அனுப்பச் சொல்லி, பெயரையும் எண்ணையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். சலித்துப்போய் மிச்சத்தை மின்நூலாக வாங்கிக்கொண்டேன்.

இனி படிப்பது. ஆங்கிலம் அவ்வளவு கடினமில்லை, பெயர்கள்தான் ஆளை அடிக்கும். தொடரில் முகம் பார்த்துப் பழகியவர்கள் பாதி, நாவலில் புதிதாக வருபவர்கள் பாதி, அவர்களுக்கு முகமே கிடையாது. 'அவதார்' படிக்கும்போது ஒரு பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதி வைத்துக்கொண்டேன்: 'வான் – கமாண்டர், நூறு வயசுக்கு மேல், உளவு வேலை பார்த்துச் சலித்தவர். ப்ரின் – கப்பல் ஓட்டுகிறாள், வானின் மகள், அப்பாவோடு பேச்சு சரியில்லை. ஷார் – ஆண்டோரியன், நீலத்தோல், வீட்டில் கல்யாண நெருக்கடி. தாரனடார் – சண்டைக்கென்றே உருவாக்கிய ஜெம்ஹடார் இனம், ஓடோ அனுப்பியவன், சண்டை இல்லாமல் வாழப் பழகணும். ரோ – 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்தவள், இப்போது காவல் பொறுப்பு, மதுக்கடை குவார்க்குக்கு இவள் மேல் ஒரு கண்.' இவ்வளவுதான் வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு வரி, அந்த ஆளுக்கு இப்போது என்ன பிரச்சினை என்பது அதில் இருக்கணும், பதவியும் கிரகமும் மட்டும் எழுதினால் நினைவில் நிற்காது. ஷாரின் வீட்டு நெருக்கடி அயித்தைக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆண்டோரியர்களில் நான்கு பேர் சேர்ந்தால்தான் ஒரு கல்யாணம், இனமே அருகிக்கொண்டு வருகிறது, பையன் வேலை வேலை என்று ஊருக்கு வராமல் தட்டிக்கழிக்கிறான், அம்மா விடுவதாக இல்லை. "நாலு வீட்டுச் சம்பந்தமா? பேசி முடிக்கிறதுக்குள்ள பையன் கிழவனாயிருவான்" என்றார்.

'அவதார்' கதையில் என்னை அசைத்த பகுதி கிராவுடையது. ஒரு பழைய சுவடி கிடைக்கிறது, மதத்துக்கு விரோதமானது என்று மறைக்கப்பட்டது, ஆனால் அதில் சொன்னதெல்லாம் பலித்திருக்கிறது. சிஸ்கோவின் குழந்தையைப் பற்றியும் அதில் இருக்கிறது. மதத் தலைமை அதை அமுக்கப் பார்க்கிறது. கிரா அதை பஜோர் முழுவதும் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டுவிடுகிறாள். உடனே அவளை ஒதுக்கி வைக்கிறார்கள். காதில் அந்த பஜோர் அணியைப் போடக்கூடாது, கோயிலில் மற்றவர்களோடு கும்பிடக்கூடாது. தொடரில் ஏழு சீசனும் அவள் பக்தியைப் பார்த்துவிட்டு இதைப் படிக்கும்போது அடி பலமாக விழுகிறது. இதை ஊரில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். கோயில் வரி வாங்க மாட்டோம், மரியாதை கிடையாது என்று ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் அது என்ன பாடுபடும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அயித்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ சாமியைத் தானே கும்பிடுறா, இவுகளையா கும்பிடுறா" என்று கேட்டார்.

டிவியில் செய்ய முடியாத ஒன்றை நாவல் செய்கிறதா என்று பார்த்துப் படியுங்கள், நல்லது எது சுமார் எது என்று தானாகப் பிரிந்துவிடும். டிவியில் கிராவின் முகத்தைத்தான் பார்க்கலாம், நாவலில் அவள் கோயில் வாசலைத் தாண்டிப் போகும்போது என்ன நினைக்கிறாள் என்பதில் ஒரு பக்கம் உட்காரலாம். இதன் உச்சம் 2000இல் வந்த 'எ ஸ்டிட்ச் இன் டைம்'. தொடரில் தையல்காரனாக வந்த முன்னாள் உளவாளி காரக்கின் கதை. எழுதியவர் அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆண்ட்ரூ ராபின்சனே. பாத்திரத்தைப் புரிந்துகொள்ளக் காரக்கின் நாட்குறிப்பு போல எழுதிவைத்ததை ரசிகர் கூட்டங்களில் படித்துக்காட்டி, அதுவே நாவலாக வளர்ந்தது. இடிந்துபோன கர்தாசியாவில் உட்கார்ந்துகொண்டு நிலையத்து நண்பர் டாக்டர் பஷீருக்கு எழுதும் கடிதமாகக் கதை போகிறது. இளமைக்காலம், நிலையத்தின் கடைசி நாட்கள், இப்போதைய இடிபாடு என்று மூன்று காலமும் மாறி மாறி வரும், ஆரம்பத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்பவர்களுக்கு நான் இதைத்தான் கொடுப்பேன், 'அவதார்' கூட அப்புறம்தான்.

சுமாரானவையும் இருக்கின்றன. 'மிஷன் காமா' நான்கு புத்தகத்தில் நிலையத்தின் டிஃபையன்ட் கப்பல் வார்ம்ஹோலுக்கு அப்பால் போய்ப் புதுப் புது இனத்தாரைச் சந்திக்கும் பகுதிகள் எனக்கு இழுவையாகத்தான் இருந்தன. அதே புத்தகங்களில் வானுக்கும் மகள் ப்ரினுக்கும் நடுவில் நடப்பது அருமை, இறந்துபோனதாக நம்பிய அம்மாவின் விஷயம் நான்காம் புத்தகத்தில் திரும்பி வருகிறது, அங்கே கையை எடுக்க முடியாது. நிலையத்தில் நடக்கும் அரசியலும் வேகமாகப் போகிறது. ஆகவே இழுக்கும் அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுப் போவதில் பாவம் ஒன்றுமில்லை. கதை சொல்லும்போது நான் கப்பல் பகுதியை எல்லாம் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு அப்பா மகள் விஷயத்துக்கு வந்துவிடுவேன், கேட்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

'ரைசிங் சன்' சிஸ்கோவின் மகன் ஜேக்கின் கதை. அப்பாவைத் தேடி வார்ம்ஹோலுக்குள் தனியாகப் போய், எங்கோ தூக்கி எறியப்பட்டு, புதையல் தேடும் கூட்டத்தோடு சுற்றுகிறான். அப்பாவைக் கண்டுபிடிக்கவில்லை, முதல் சீசனிலேயே தொலைந்துபோன ஒபாகா என்ற பஜோரின் மதத்தலைவியைக் கண்டுபிடிக்கிறான். இங்கே நடுவில் கொஞ்சம் வேறு கதை மாதிரி இருக்கும், விட்டுவிடாதீர்கள், 'யூனிட்டி'க்கு இது வேண்டும்.

'யூனிட்டி' சொன்ன சாயங்காலங்களில் அயித்தை டிவி பக்கமே போகவில்லை. 1988இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஒரு எபிசோடில் மனிதர் உடம்புக்குள் புகுந்து ஆட்டிவைக்கும் ஒட்டுண்ணிகள் வரும், திரும்பி வருவார்கள் என்று பயமுறுத்திவிட்டு டிவிக்காரர்கள் அதை மறந்தே போனார்கள். அந்த நூலை இந்த வரிசை எடுத்து முடிச்சுப் போடுகிறது. பஜோர் கூட்டமைப்பில் சேருகிறது. சிஸ்கோ வாங்கிப்போட்ட நிலத்து வீட்டில் காசிடி இருக்கிறாள், நிறைமாதம். நான் ஒட்டுண்ணிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, "அந்தப் பூச்சியை விடு, வலி எடுத்துருச்சா" என்றார். எடுத்துவிட்டது. சிஸ்கோ வந்துவிட்டார், பிள்ளை பிறக்கும் நேரத்துக்கு. பெண் குழந்தை, ரெபெக்கா என்று பெயர். அயித்தை "ம்" என்றார், வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். "அந்த மட்டுக்கும் வந்தாகளே" என்றார். எனக்கும் அந்த வரிசை அங்கே முடிந்துவிட்டது.

ஆனால் புத்தகங்கள் முடியவில்லை, அதையும் சொல்லணும். 2006இல் 'வார்பாத்', 2008, 2009இல் இன்னும் இரண்டு என்று கதை போய், அப்புறம் திடீரென்று சில வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிட்டது, நடுவில் விட்ட நூல்கள் பலவும் தொங்கலாகவே நின்றன. அதைப் படித்துக் கொதித்துப்போன நண்பர் ஒருவர் இருக்கிறார், இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் காபி ஆறிவிடும். பிறகு 2020 ஜனவரியில் 'பிகார்ட்' என்ற புதுத் தொடர் டிவியில் வந்தது. அதில் சொன்ன கதைக்கும் இருபது வருஷமாக நாவல்களில் வளர்ந்த கதைக்கும் ஒத்துப்போகவில்லை. நாவல்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால் 2021இல் 'கோடா' என்று மூன்று புத்தகம் போட்டு, தங்கள் கதை நடந்தது வேறொரு காலக்கோட்டில் என்று வைத்து, அதைத் தாங்களே முடித்துவைத்தார்கள். டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் ஆளுக்கொன்று எழுதினார்கள். தைரியமான வேலைதான், ஆனால் பிடித்த ஆட்கள் எல்லாம் வரிசையாகச் சாவதைப் படிக்க மனசு கேட்காதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இங்கேதான் 'கேனன்' சண்டை, அதாவது எது அதிகாரபூர்வமான கதை என்ற சண்டை வரும். 'நாவலில் நடந்தது செல்லாது, டிவியில் வந்ததுதான் செல்லும், அப்புறம் எதுக்குப் படிக்கணும்' என்று கேட்பார்கள். விதி என்னவோ அப்படித்தான்: நாவல் எழுதுபவர் உரிமம் வைத்திருப்பவரின் ஒப்புதலோடு டிவிக்கு முரண்படாமல் எழுத வேண்டும், டிவிக்கு நாவலைப் பார்த்து நடக்கும் கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனால் நடைமுறையில் போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது. முதன்முதலில் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரில் சுலு என்ற பாத்திரத்துக்கு டிவியில் முதல் பெயரே இல்லை. 1981இல் வொண்டா மெக்கின்டயர் எழுதிய 'தி என்ட்ரோபி எஃபெக்ட்' நாவலில் ஹிகாரு என்று பெயர் வைத்தார், 1991 சினிமாவில் அதையே சொன்னார்கள். 'டாக்டர் ஹூ' கதை இதை விடச் சுவாரஸ்யம். 1989இல் பிபிசி தொடரை நிறுத்தியது, 1991இலிருந்து வர்ஜின் பதிப்பகம் புது நாவல்களாகத் தொடர்ந்தது. அதில் 1995இல் பால் கார்னெல் எழுதிய 'ஹியூமன் நேச்சர்' 2007இல் டிவி எபிசோடாகவே வந்தது, அவரே எழுதினார். அந்த நாவல் வரிசையில் 1996இல் ஒரு புத்தகம் எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ்தான் 2005இல் தொடரை மீண்டும் டிவிக்குக் கொண்டுவந்தவர். தொடர் இல்லாத காலத்தில் அந்தக் கதைக்காரர்களுக்கு நாவல்தான் பட்டறையாக இருந்திருக்கிறது. டிவிக்காரர்கள் என்ன சொன்னாலும் எங்கள் வீட்டில் சிஸ்கோ பிள்ளைப்பேற்றுக்கு வந்துவிட்டார், அதை யாரும் இனி மாற்ற முடியாது.

புத்தகங்களைக் காப்பாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. இவை எல்லாம் மலிவுத் தாளில் அச்சான பாக்கெட் சைஸ் புத்தகங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் முதுகுப் பசை காய்ந்து, முழுசாக விரித்துப் படித்தால் பொடுக்கென்று ஒடிந்து தாள் தாளாகக் கழன்றுவிடும். பாதிக்கு மேல் விரிக்காதீர்கள். பழைய வீட்டு அறைகளில் தரையோடு வைத்தால் கரையான், சுவரோடு ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் ஈரம். நான் தேக்கு அலமாரியில் நடுத்தட்டில் வைத்து, ஓலைச்சுவடிக்குப் போடுவது போல வசம்பைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன். நாப்தலின் உருண்டை போட்டால் அந்த வாசனை தாளில் ஏறி, படிக்கும்போது தலையை வலிக்கிறது. தேடிக் கண்டுபிடித்ததை இரவல் கொடுத்தால் பெயர் எழுதிக்கொண்டு கொடுங்கள், வரிசையில் நடுப்புத்தகம் ஒன்று போய்விட்டால் அதை மட்டும் தனியாக வாங்குவது பெரும்பாடு.

அயித்தைக்கு இப்போது காரக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்து தொடரில் வரும் போர்த்தளபதி மார்டாக்கின் கதை கேட்கிறார், 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டெஸ்டினி', மார்டாக்காக நடித்த ஹெர்ட்ஸ்லர் ஜெஃப்ரி லாங்கோடு சேர்ந்து எழுதி 2003இல் இரண்டு பாகமாக வந்தது. என்னிடம் முதல் பாகம் மட்டும்தான் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் யாரிடமாவது இரண்டாம் பாகம் இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு 'மிஷன் காமா' இரண்டாம் புத்தகம் என்னிடம் இரட்டையாக இருக்கிறது, முதுகு ஒடியாத பிரதியையே தருகிறேன்.